மழை வந்தால் தூசி எங்கே போகும்?

திருப்பூர், கோவை, பல்லடம், குவைத், துபாய் என்று இறங்கிப்போன வால்பாறைப் பிள்ளைகளுக்கு,

உங்களில் பாதிப்பேர் என்னிடம் எட்டாம் வகுப்பு அறிவியல் படித்தவர்கள். மீதிப்பேர் பக்கத்து எஸ்டேட் பள்ளிகளில் படித்திருப்பீர்கள். பரவாயில்லை, இந்த ஊரில் ஒருத்தி டீச்சர் என்றால் எல்லோருக்கும் டீச்சர்தான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வருகிறீர்கள். அதை விட்டால் மே மாத விடுமுறைக்கு வருகிறீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்து, அட்டகட்டி தாண்டியதும் வண்டிக் கண்ணாடியை இறக்கி, நெஞ்சு நிறைய இழுத்து, "காத்துன்னா இதுதான் காத்து" என்று சொல்லிக்கொண்டே வாட்டர்பால்ஸ் பக்கம் நின்று படம் எடுக்கிறீர்கள். கூட வந்த திருப்பூர் சிநேகிதர்களும் ஆமாம் போடுகிறார்கள். போன தடவை ஒரு பையன் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, "அம்மாவுக்கென்ன டீச்சர், இந்தக் காத்திலேயே நூறு வருஷம் இருப்பாங்க" என்றான். அவன் அம்மா அந்த நேரம் உள்ளே இருமிக்கொண்டிருந்தார். இருமல் என்றால் அவனுக்குச் சளி. அவருக்கும் அப்படித்தான்.

நம் ஊர்த் தூசிக்கு வருடத்தில் இரண்டு வீடு. மழையில்லாத மாதங்களில் அது வெளியே குடியிருக்கும், மழை மாதங்களில் உள்ளே வந்துவிடும். நீங்கள் வரும் நாட்கள் எல்லாம் அது வெளியே இருக்கும் நாட்கள். வெட்டவெளியில் மலைக்காற்று அடித்துக்கொண்டு போய்விடுவதால் உங்கள் கண்ணில் படுவதில்லை.

முதலில் வெளியே இருக்கும் காலத்தைச் சொல்லிவிடுகிறேன், அது சின்னக் கதை. மார்கழி கழிந்து தை பிறந்ததும் ஈரம் வற்றத் தொடங்கும். சுற்றுலா வண்டிகள் அந்த நேரம்தான் கூடும். 2025 நவம்பர் 1 முதல் ஊட்டி, கொடைக்கானலைப் போல நமக்கும் இ-பாஸ் வந்துவிட்டது, அதனால் வண்டிகளை எண்ணவாவது ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆழியாறு சோதனைச் சாவடி தாண்டிய ஒவ்வொரு வண்டியும் வளைவுக்கு வளைவு பிரேக் தேய்த்து, சாலையோர மண்ணைக் கிளப்பிக்கொண்டே ஏறுகிறது. அந்த மண் போய் உட்காரும் இடம் ரோட்டோரத் தேயிலைச் செடி. மாசி, பங்குனியில் ரொட்டிக்கடை, ஐயர்பாடிப் பக்கம் சாலையை ஒட்டிய செடிகளைப் பாருங்கள், இலை செம்பு நிறத்துக்குப் போயிருக்கும். வெயில் பட்ட சூடு என்று நினைக்காதீர்கள். செஞ்சிலந்தி. வறட்சியும் தூசியும் சேர்ந்த இடத்தில்தான் அந்தச் சிலந்திப்பேன் பெருகும், அதனால்தான் பாதையோரச் செடியில் முதலில் தெரியும். தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டக்டர் நோட்டில் எழுதுவார், மறுநாள் மருந்து அடிக்க ஆள் வரும். செடிக்கு என்ன நோய் என்று ஆராய நம் நீராறு அணைப் பக்கத்திலேயே உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தென்னிந்தியத் தேயிலைக்கே நோய் பார்க்கும் இடம் அது. அதில் எனக்குப் பெருமைதான். அந்தச் செடியின் ஓரமாக நின்று கொழுந்து எடுக்கும் ஆளுக்கும் அதே மாதிரி ஒரு நோட்டு வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

இதே மாதங்களில்தான் ஆழியாறு பக்கத்துக் காய்ந்த சரிவுகளில் தீப்பிடிக்கும் பயமும். வனத்துறை தீத்தடுப்புக் கோடு வெட்டிக் காவல் வைக்கிறது. எங்கோ புல் எரிந்தால் புகை மேலே வரும். ஒன்பதாம் வளைவில் லோம்ஸ் வியூ பாயின்டில் நின்றால் மழை விட்ட மறுநாள் ஆழியாறு அணைக்கு அப்பால் சமவெளி விரிந்து தெரியும். பிப்ரவரி மதியத்தில் அணையே புகைப்படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல மங்கிக் கிடக்கும். அந்த மங்கலில் சமவெளியின் சூளை, வாகனம், குப்பை எரிப்பு எல்லாம் உண்டு. கோடை முடிவில் காற்று மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கும்போது அரேபியப் பாலையின் நுண்மண்ணும் கடல் தாண்டி மேற்குக் கரைக்கு வருவதுண்டு. குவைத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூன், ஜூலையில் ஷமால் காற்று கிளம்பினால் வானம் மஞ்சளாகி எதிர்க்கட்டடம் மறையும். அன்று வெளியே வேலை பார்ப்பவன் முகத்தை மூடிக்கொள்கிறான், ரேடியோவில் எச்சரிக்கை சொல்கிறார்கள், ஆஸ்துமாக்காரர்களை வீட்டில் இருக்கச் சொல்கிறார்கள். பாலைவன ஓரத்து ஊர்களுக்கு ஒரு வசதி, தூசி வந்தால் எல்லோருக்கும் தெரியும். நமக்கு அந்த வசதி கிடையாது.

இனி உள்ளே வரும் காலம்.

ஜூன் பிறந்தால் தென்மேற்கு. ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் பெய்யும் பீடபூமி இது, சின்னக்கல்லாறு பக்கம் இன்னும் அதிகம். சாலை கழுவிவிட்டதுபோல் ஆகும். வெளிக்காற்றை அப்போது எந்தக் கருவியில் அளந்தாலும் நல்ல எண்ணே வரும் என்று நம்புகிறேன். உங்கள் போனில் வால்பாறை என்று போட்டுப் பாருங்கள், பச்சை நிறத்தில் ஓர் எண் வரும். பெரும்பாலும் அது செயற்கைக்கோள் படத்தையும் கணினிக் கணக்கையும் வைத்து ஊகிக்கிற எண். கோவை குறிச்சி சிட்கோவில் நிற்கிற தானியங்கிக் கருவி மாதிரி காற்றை உறிஞ்சி எடை பார்த்துச் சொல்வதல்ல. அந்தப் பச்சை எண்ணுக்கு உங்கள் அம்மாவின் அடுப்பங்கரை தெரியாது.

எஸ்டேட் லைன் வீட்டு அடுப்பங்கரையை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு சன்னல், அதையும் சாரல் அடிக்கிறதென்று சாத்தியாகிவிட்டது. விறகு நனைந்தது. நனைந்த விறகு எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம், ஏழாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தேன். காட்டில் நனைந்து வந்த கம்பளியும் படங்கும் அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கும், அது காயும்வரை நெருப்பை அணைக்கக் கூடாது. குளிருக்குப் பிள்ளைகளும் அங்கேயேதான் உட்காரும், வீட்டுப்பாடமும் அங்கேயேதான். உங்கள் நோட்டுப் புத்தகங்கள் என் மேசைக்கு வரும்போது ஜூலையில் ஒரு வாசனை, ஜனவரியில் ஒரு வாசனை. எந்த நோட்டு எந்த மாதத்தது என்று தேதி பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

"அதெல்லாம் பழைய கதை டீச்சர், இப்போ எல்லா வீட்லயும் கேஸ் இருக்கு" என்பீர்கள். கேஸ் இருக்கிறது, நானும் பார்த்தேன். 2016-ல் உஜ்வலா வந்தபிறகு அடுப்பும் சிலிண்டரும் இல்லாத வீடு குறைவு. டீ போட, விருந்தாளி வந்தால் சமைக்க, நீங்கள் வந்தால் சமைக்க, அதற்கெல்லாம் கேஸ். குளிக்கத் தண்ணீர் காய, சோறு வேக, கம்பளி காய விறகு. சிலிண்டர் வண்டி மெயின் ரோட்டோடு நின்றுவிடும், அங்கிருந்து லைனுக்கு யார் தூக்குவது? ஆண்பிள்ளைகள் எல்லாம் கீழே இருக்கிறீர்களே. மாற்று சிலிண்டருக்குப் பணம் கேட்க உங்கள் அப்பா அம்மாவுக்கு வாய் வராது. விறகுக்குப் பணம் வேண்டாம் என்று நினைக்கிறார்கள். யானையும் சிறுத்தையும் நடமாடும் சோலை ஓரத்தில் அறுபது வயதில் சுள்ளி பொறுக்குவது எந்தக் கணக்கில் வரும் என்று நான் கேட்டால் சிரிக்கிறார்கள்.

விறகுக்கும் கேஸுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தமிழ்நாட்டிலேயே அளந்திருக்கிறார்கள். சென்னை ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் கலந்துகொண்ட ஒரு பெரிய ஆய்வு. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகள். பாதிப்பேருக்குக் கேஸ் அடுப்பும் இலவச எரிவாயுவும் கொடுத்தார்கள், மீதிப்பேர் விறகிலேயே சமைத்தார்கள். பெண்கள் சுவாசித்த நுண்துகள், விறகு வீடுகளில் கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம் அளவிலும் கேஸ் வீடுகளில் 24 அளவிலும் இருந்தது. நுண்துகள் என்றால் தலைமயிரின் முப்பதில் ஒரு பங்கு தடிமன். மூக்கு முடியில் சிக்காமல் நுரையீரலின் கடைசிப் பைவரை போகும். ஒரு நாளுக்கு 60 வரை இருக்கலாம் என்பது நம் நாட்டு வரம்பு, 15-க்கு மேல் கூடாது என்பது 2021-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அந்த ஆய்வில் இன்னொன்றும் உண்டு, மறைக்க மாட்டேன். பிறந்த குழந்தைகளின் எடையில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2022-ல் முடிவு வெளியிட்டார்கள். ஆகவே கேஸ் வந்தால் எல்லா வியாதியும் ஓடிவிடும் என்று நான் சொல்லவில்லை. புகை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். வருடத்தில் நாலு மாதம் சன்னல் சாத்திய வீட்டில் அது எனக்குப் போதும்.

அடுத்தது தேயிலை பேக்டரி. இதைத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

பச்சைக்கொழுந்து நாலரைக் கிலோ போட்டால் ஒரு கிலோ தூள். வாட்டும் தொட்டியில் வாடி, சிடிசி உருளையில் நசுங்கி, புளித்துச் சிவந்து, டிரையரில் காய்ந்து வருவதற்குள் அதன் ஈரம் எழுபதைத் தாண்டிய விழுக்காட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கிவிடும். அப்படிக் காய்ந்த தூள்தான் சலிப்பறைக்கு வரும். அங்கே நாரைப் பிரிக்க ஒரு உருளை, தரம் பிரிக்க ஆடும் சல்லடைகள், கடைசியில் மூட்டை கட்டும் இடம். கொழுந்தின் நுனி மொட்டில் பட்டுப்போல் மயிர் இருக்கும் இல்லையா, அந்த மயிரும் இலையின் பொடியும் சேர்ந்து பழுப்பு நிறப் பஞ்சாகப் பறக்கும். பேக்டரிக்காரர்கள் பிளப் என்பார்கள். உத்தரத்தில், டியூப் லைட்டில், புருவத்தில் எல்லாம் உட்காரும். வேலை முடிந்து வரும் ஆளைப் பார்த்தாலே எந்த டிபார்ட்மென்ட் என்று தெரியும்.

கோடையில் சலிப்பறையின் கதவும் சன்னலும் திறந்திருக்கும், காற்று வந்து போகும். மழையில் திறக்க முடியாது. தூள் ஈரத்தை இழுத்துக்கொண்டால் சரக்கு போச்சு, ஏலத்தில் விலை விழும். அதனால் சாத்துவார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, தூளைக் காக்க அதுதான் வழி. ஆனால் தூசியை உறிஞ்சும் குழாயும் அதைப் பிடிக்கும் பையும் சரியாக வைக்காத அறையில் சாத்திய சன்னலுக்குள் நிற்கும் ஆள் எட்டு மணி நேரம் எதை இழுக்கிறார்? மூக்கில் கட்டிய துண்டு அந்தப் பொடிக்கு வாசல் திறந்த வீடுதான். வெளியே மழை பெய்து மலை பளிச்சென்று இருக்கிற அதே நாளில், சுவருக்கு இந்தப்பக்கம் தூசிக்காலம் நடந்துகொண்டிருக்கும்.

நானாகக் கட்டிச் சொல்லவில்லை. இலங்கையில், நம்மைப் போலவே மலைக்கு ஏற்றப்பட்ட தமிழர்கள் உழைக்கும் அந்தத் தேயிலை நாட்டில், சி. ஜி. உரகொட என்ற நெஞ்சக நோய் மருத்துவர் 1970-ல் தேயிலைத் தூசியால் வரும் ஆஸ்துமாவைப் பற்றிப் பிரிட்டிஷ் தொழில் மருத்துவ இதழில் எழுதினார். 1980-ல் தோராக்ஸ் இதழில் தேயிலைத் தொழிலாளர்களின் சுவாச நோய்களைப் பற்றி இன்னொன்று எழுதினார். நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சியும் ஆஸ்துமாவும் இந்தப் பஞ்சுக்குள் நின்று வேலை செய்பவர்களிடம் தெரிந்ததைப் பதிவு செய்தார். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நம் லைன்களில் இன்னமும் இருமல் வந்தால் இரண்டே பெயர்தான், ஒன்று சளி, இன்னொன்று காசநோய். முதலாவதற்கு டானிக். இரண்டாவதற்குச் சளிப் பரிசோதனை. இல்லை என்று வந்தால் 'ஒண்ணுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவது. மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று கேட்பவர் குறைவு. அப்பாக்களின் பீடியும் இதில் சேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதி உண்மை எழுதினேன் என்பீர்கள்.

எண்ணிக் கணக்கில் ஏற்றிய நோயும் நம் மலையில் உண்டு. மருத்துவர் பி. எச். டேனியல் ஆனைமலை எஸ்டேட்டுகளில் வேலை பார்த்து, பார்த்ததை ஆங்கிலத்தில் நாவலாக 1969-ல் எழுதினார். இரா. முருகவேள் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று கொண்டுவந்தார். 2013-ல் அதைத் தழுவி 'பரதேசி' படம் வந்தபோது நீங்களெல்லாம் திருப்பூர்த் தியேட்டரில் அழுதுவிட்டு எனக்குப் போன் செய்தீர்கள். அந்தக் காலத்தில் கொன்றது காய்ச்சல். கொசுவை எண்ணி, தண்ணீரை மூடி, மருந்து கொடுத்து அதை அடக்கினார்கள். எண்ணியதால்தான் அடக்க முடிந்தது. இந்த மூச்சுக் கோளாறைச் சளி என்று எழுதிக்கொண்டே இருந்தால் எந்தக் கணக்கில் ஏறும்?

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்லடம், அவிநாசி, உடுமலை நூற்பாலைகளுக்குப் போன பிள்ளைகள் நிறைய. அப்பா தேயிலைப் பஞ்சில் நின்றார், நீங்கள் பருத்திப் பஞ்சில் நிற்கிறீர்கள். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறதா, வாரம் போகப்போகக் கொஞ்சம் தளர்கிறதா? பருத்தித் தூசி நோய்க்கு அது பழைய அடையாளம், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. தேயிலைத் தூசி ஆஸ்துமா வேறு மாதிரி. வேலை நாளில் கூடும், லீவில் குறையும். இரண்டிலும் தேதியும் வேலையும் சேர்த்துப் பார்த்தால்தான் டாக்டருக்குப் பிடிபடும். "எப்போ இருந்து இருமல்" என்று கேட்டால் "ரொம்ப நாளா" என்று நம் ஆட்கள் சொல்லும் பதிலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், பாவம்.

நீங்கள் போன பிறகு சலிப்பறையில் யார் என்று கேட்கிறீர்களா? ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் பிள்ளைகள். இருபது, இருபத்திரண்டு வயது. முகத்தில் சிரிப்பு, கழுத்தில் துண்டு. இரண்டு மூன்று வருடத்தில் இன்னொரு எஸ்டேட்டுக்கோ ஊருக்கோ போய்விடுவார்கள். அந்தப் பொடி அவர்களோடு ராஞ்சிக்கோ ராயகடாவுக்கோ போகும். அங்கே எந்த டாக்டருக்கு இது தேயிலையால் வந்தது என்று தோன்றும்? 

சட்டம் மாறியிருக்கிறது, அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் போய், பணியிடப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. நாற்பது வயது கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்று மத்திய தொழிலாளர் அமைச்சகம் அப்போதே அறிவித்தது. பழைய சட்டம் போனதில் சங்கத்துக்காரர்களுக்கு வருத்தமும் சந்தேகமும் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் பரிசோதனை என்று ஒன்று எழுத்தில் இருக்கும்போது அதில் மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனையும் இருக்கட்டும் என்று கேட்கலாமே. ஸ்பைரோமெட்ரி என்பார்கள். குழாயில் பலங்கொண்டு ஊத வேண்டும், ஊசி கிடையாது, அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். சர்க்கரையும் பிரஷரும் பார்த்து அனுப்பிவிட்டால் சலிப்பறைக்காரருக்கு அதில் பாதிப் பயன்தான். முடிவை எழுத்தில் வாங்கி, கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் நடக்கும். கம்பெனி வேலை, பிஎஃப், படிவம் எல்லாம் பழகியவர்கள் நீங்கள். அப்பாவுக்கு ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிப் பழக்கம்.

பணம் அனுப்பும்போது ஐந்நூறு, ஆயிரம் என்று மொத்தமாக அனுப்பாதீர்கள், அது பேரப்பிள்ளை மொய்க்கும் கோயில் வரிக்கும் போய்விடும். சிலிண்டருக்கு என்று நீங்களே போனில் பதிவு செய்து பணம் கட்டிவிடுங்கள். மெயின் ரோட்டிலிருந்து லைன்வரை தூக்கிவர ஒரு பையனிடம் சொல்லி, அவன் கூலியையும் சேர்த்துக் கொடுங்கள். அந்தக் கூலிதான் இத்தனை வருடம் யாரும் கணக்கில் வைக்காதது. அடுப்புக்கு மேல் ஓட்டில் ஒரு புகைபோக்கி வைக்க எஸ்டேட் ஆபீஸில் அனுமதி கேட்க வேண்டும், வீடு அவர்களுடையது. கேட்டு எழுதிய கடிதத்தின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆடியில், பண்டிகை எதுவும் இல்லாத வாரமாகப் பார்த்து, ஒரு நாள் லீவு போட்டு மேலே வாருங்கள். அப்பாவையோ அம்மாவையோ பொள்ளாச்சி அரசு மருத்துவமனைக்கோ கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள், நெஞ்சக நோய்ப் பிரிவு என்று கேளுங்கள். போகுமுன் எஸ்டேட் ஆஸ்பத்திரிச் சீட்டுகள், பழைய எக்ஸ்ரே, எத்தனை வருடம் எந்த டிபார்ட்மென்டில் வேலை என்று ஒரு தாளில் எழுதியது, மூன்றையும் ஒரே பையில் வையுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் "சலிப்பறையில் வேலை, மழைக்காலத்தில் கூடுது" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்தால்தான் ஓ.பி. சீட்டு கிடைக்கும். வளைவு இறங்கும்போது அம்மாவுக்குத் தலை சுற்றும், ஒரு எலுமிச்சம்பழம் கையில் கொடுங்கள், சன்னலோர சீட்டில் உட்கார வையுங்கள். திரும்பி வரும்போது ரிப்போர்ட்டை என்னிடம் காட்டுங்கள். பள்ளிக்கு எதிர்வீடுதான், மாறவில்லை.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் டீச்சர்,
வால்பாறை